லோடு ஏற்றினால் நேராகப் போகும் வண்டி

— வண்டியில ஒண்ணும் இல்ல பாய். “நல்லா இருக்கு”ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போறேன்.

— பாக்காம எப்படிக்கா சொல்றது? பிக்கப் வண்டி ரோட்டுல அலையுதுன்னுதான உங்க வீட்டுக்காரரு அருளப்பண்ணன் சொல்றாரு?

— அலையுறது வண்டி இல்ல, அவருதான். குடிச்சுட்டு ஓட்டுனா மாதா தேரே கோணலாத்தான் போகும்.

— டமார்!

— ஆத்தாடி, என்ன பாய் அது?

— வண்டிக்கடியில நம்ம ஆளு படுத்திருக்காரு. ஸ்பானர் கை தவறிருச்சு. நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கைச் செத்த இப்படி அப்படி ஆட்டுங்க. அவரு ஒவ்வொரு மூட்டாத் தொட்டுப் பாப்பாரு. ஆட்டம் இருந்தா ரெண்டு தட்டு, இல்லைன்னா ஒரு தட்டு.

— வாயைத் தொறந்து சொல்ல மாட்டாராக்கும்?

— அடியில இருந்து பேசுனா என் காதுல விழாது. தட்டுனா விழும்.

— டங்.

— ஸ்டியரிங் பாக்ஸ் நல்லா இருக்கு.

— டங்.

— குறுக்குக் கம்பியும் கெட்டி.

— டங்.

— ஜாயிண்டு எதுவும் தேயல. ஆச்சரியம்தான், எண்பத்தாறாம் வருச வண்டி!

— நான்தான் சொன்னேன்ல? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதர் முன்னாடி நிக்கப் போறோம். வண்டியில கோளாறு இல்லைன்னா, இனிமே குடியைத் தொட மாட்டேன்னு எங்க வீட்டுக்காரரு பைபிள் மேல சத்தியம் பண்ணணும். பண்ணாட்டி சித்தையன்கோட்டையில அவரோட அக்கா வீட்டுலயே கெடக்கட்டும். பன்னெண்டு நாளா என்னை “செபாஸ்தி”ன்னு கூப்பிட ஆளில்லாம வீடு கெடக்கு, அது வேற.

— எப்ப இருந்துக்கா இந்தப் பழக்கம்?

— வேளாங்கண்ணிக்கு நடந்து போயிட்டு வந்த மறுநாள்ல இருந்து. கூட்டாளிக பழக்கி விட்டுட்டானுக. சிறுமலைக்கு வாழைத்தாரு எடுக்கக் காலியா ஏறுறப்ப வண்டி பாம்பா நெளியுதாம். லோடு ஏத்தி இறங்குறப்ப நூலு பிடிச்சாப்ல வருதாம். தாரு தூக்குனா போதை இறங்கிரும்ல?

— காலியா இருந்தா அலையுது, லோடு இருந்தா நேராப் போகுது. அட! இன்னிக்கு நீங்க காலியாத்தான ஓட்டிட்டு வந்தீங்க?

— ஆமா.

— எப்படி வந்துச்சு?

— வந்துச்சு.

— அக்கா...

— பாலத்துக்கிட்ட ஒரு ஆட்டோக்காரன், “காலையிலயே ஊத்திக்கிட்டியாக்கா”ன்னு கேட்டான் பாய்.

— டங் டங் டங்!

— அதென்ன மூணு தட்டு?

— சிரிக்கிறாரு. அது கெடக்கட்டும், வண்டி பின்பக்கம் ஏன் இம்புட்டுத் தூக்கி நிக்குது? ஸ்பிரிங்ல ரெண்டு இரும்புப் பட்டை புதுசா இருக்கே?

— நான்தான் போட்டேன், அவரு வேளாங்கண்ணி போயிருந்தப்ப. கூட இருவது தாரு ஏத்தலாமேன்னு.

— அண்ணனுக்குத் தெரியுமா?

— சொன்னா கத்துவாரு.

— அக்கா, சைக்கிளைக் கையை விட்டு ஓட்டிருக்கீங்களா? நேராப் போகும். ஏன்னா முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்க ஃபோர்க் பின்னால சாஞ்சு நிக்குது. அந்தச் சாய்வுதான் சக்கரத்தைத் தானா நேருக்குக் கொண்டு வரும். இந்த வண்டிக்கும் முன்பக்கம் அதே சாய்வு உண்டு. நீங்க பின்பக்கத்தைத் தூக்கிட்டீங்க, மூக்கு குனிஞ்சிருச்சு, சாய்வு போச்சு. லோடு ஏத்துனா பின்பக்கம் அமுங்குது, சாய்வு திரும்பி வந்துருது.

— அப்ப அவரு குடிக்கவே இல்லையா?

— வண்டியை அலைய விட்டது நீங்க போட்ட பட்டைக்கா.

— மாதாவே! தெருவே கேக்கக் குடிகாரன்னு கத்திட்டேனே. நானே சித்தையன்கோட்டைக்குப் போயிக் கூப்பிட்டா வருவாரா?

— டங்.

— நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையே பாய், எதுக்குத் தட்டுறாரு?

— ஒரு தட்டுன்னா இல்லைன்னுதான அர்த்தம்? இன்னொண்ணு கேட்டுப் பாருங்களேன்.

— ஃபாதர் முன்னாடி, அம்புட்டுச் சனமும் கேக்க, பட்டை போட்டது நான்தான்னு சொன்னா?

— டங்... டங்.

— பாய்! கீழ இருக்கறது யாரு?

— பிரேக்கை மட்டும் விட்றாத, செபாஸ்தி. வெளிய வாரேன்.