முன் வீலா, பின் வீலா?

– இப்பப் பாரு குளோரி... அறுபதுல போறேன். ஸ்டியரிங்கு எப்பிடி ஆடுது பாத்தியா?

– பாத்தேன், பாத்தேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

– இந்தப் புது டயரும் அலாய் வீலும் போட்டதுல இருந்துதான் இந்த எளவு. கருங்கல் ஜங்சன் டயர்கடைக்காரன் என்னமோ சொதப்பியிருக்கான்.

– பாவம், அந்தப் பையன் எத்தன தடவ கழத்தி மாட்டுனான்! பேலன்ஸ் பாத்தான், வீல்ல வெயிட்டு ஒட்டுனான், அலைன்மெண்டும் பாத்தாச்சு...

– பாத்து என்ன? ஆடுதுல்லா?

– ஒரு காரியம் கேக்கட்டா? முன் வீலு சரியில்லன்னா ஸ்டியரிங்கு ஆடும், பின் வீலுன்னா சீட்டு ஆடும்னுல்லா அவன் சொன்னான்?

– ஓ. அதுக்கு?

– இன்னைக்கு முன்னால கெடந்தத பின்னால மாத்திட்டான். அப்போ இனி சீட்டுல்லா ஆடணும்?

– ...ஆடும். கொஞ்சம் ஸ்பீடு ஏறட்டு.

– எனக்கு ஒண்ணும் ஆடல்ல.

– உனக்கு எங்க தெரியப்போவுது? கார்ல ஏறுனா ஒறங்குறவ...

– இன்னைக்கு ஒறங்கல்ல. அந்தா, அந்தப் புளியமரத்துப் பக்கம் ஓரமா நிறுத்துங்க.

– எதுக்குட்டி?

– நிறுத்துங்கன்னா நிறுத்தணும். ...ஆங். இனி இஞ்சின ஆஃப் பண்ணுங்க. ஸ்டியரிங்குல இருந்து கைய எடுக்காண்டாம்.

– பண்ணியாச்சு. இனி?

– இப்பவும் ஆடுதா?

– வண்டிதான் நிக்குதுல்லா?

– கையப் பாத்துச் சொல்லுங்க... ஆடுதுல்லா?

– ...எப்பம் இருந்துட்டி உனக்குத் தெரியும்?

– கைய இஞ்ச தாங்க. ...ஈஸ்டருக்கு சர்ச்சுல திருவிருந்துக் கப்ப சிந்தாம இருக்க ரெண்டு கையாலயும் புடிச்சியளே, அன்னைக்கே தெரியும்.

– பின்ன எதுக்கு எங்கூட டயர்கடைக்கு நாயா அலைஞ்ச?

– நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்.

– எப்பிடிச் சொல்லுவேன்? கல்யாணத்துக்குப் பொறவு ஒன்ன ஒரு நாளு பஸ்சுல விட்டிருக்கனா? இந்த வண்டியயும் விட்டுட்டா, பின்ன நான் என்னத்துக்குட்டி...

– சும்ம இரிங்க! வாயில வாற பேச்சு... என்னத்துக்கோ? எங்கூட இருக்கத்தான். எனக்கு வேற யாரு இருக்கா? நாளைக்கு நாகர்கோயிலுக்குப் போயி டாக்டரப் பாப்போம்.

– யாரு ஓட்டுவா?

– நான்.

– நீயா!

– சிரிக்காண்டாம். செவ்வாய்க்கிழம ஜெபக்கூட்டம்னு போனதெல்லாம், டிரைவிங் ஸ்கூல் ரீத்தாட்ட கார் படிக்கத்தான். லைசன்சும் வந்தாச்சு. ஆண்டவரு மன்னிக்கட்டு.

– அடிப்பாவி! ஜெபக்கூட்டத்தச் சொல்லியா பொய்யி?

– பேச்ச மாத்தாண்டாம். எறங்கி இந்தப் பக்கம் வாங்க. ...ஆமா, ஆடுறது கையின்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்லா? பின்ன நல்லா கெடந்த டயர எதுக்கு மாத்துனிய?

– நல்லாவா கெடந்து? மொட்டையாக்கும். பைபிள வீட்டுல வச்சிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போறவ ஊருலயே நீ ஒருத்திதான்... பொறத்தால வந்து பாத்தா, டிரைவிங் ஸ்கூல் கார்ல நீ. நீ ஓட்டப்போற வண்டியாச்சேட்டி. அதாம் மாத்துனேன்.