ஐந்து நிமிஷம் பின்னால்

— போதும், துடுப்பை உள்ள வை. மூச்சு வாங்குது பார் உனக்கு.

— வாங்காம என்ன செய்யும் மச்சான்? ஒரு மணி நேரமா வலிக்கிறேன். கணக்குப் பார்த்தா கரையிலேர்ந்து ஒண்ணரை கிலோமீட்டர். ஏரிக்கு நட்ட நடு. எழுதி வெச்சுக்கோ.

— எதைப் பார்த்துச் சொல்ற? பனி, பனி, அதுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் பனி.

— பதினஞ்சு வருஷம் நிலம் அளந்தவன் நான். சர்வேயருக்குக் கண்ணே வேண்டாம், கால்ல தெரியும்.

— கால் படகுல இருக்கு.

— நீ வாட்ச் ரிப்பேரைப் பாரு, தூரத்தை நான் பார்த்துக்கறேன். என்ன, படகுதான் இன்னைக்குக் கொஞ்சம் கனம். பின்னாலேர்ந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்கு.

— பின்னால நான்தான் இருக்கேன்.

— அதான் சொல்றேன். எடையைக் குறை.

— சரி, இங்க பாரேன். சிவப்புத் தக்கை மட்டும்தான் தெரியுது. தண்ணி எங்க முடியுது, ஆகாசம் எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு கோடுகூட இல்ல. தக்கை அந்தரத்துல தொங்குது. மேகத்துல உட்கார்ந்து தூண்டில் போட்ட மாதிரி இருக்கு.

— மேகத்துல மீன் கிடைக்காது. ஆழம் பார்த்தியா?

— பார்த்தேன். ரெண்டு முழத்துல ஈயக்குண்டு தரை தட்டுது.

— நட்ட நடுவுலயா?

— நட்ட நடுவுல.

— தூர் வாரியிருக்க மாட்டானுங்க. எந்த டிபார்ட்மென்ட்ல எவன் வேலை செய்யறான்.

— சர்வேயரே, நாய் குரைக்குது.

— கரையில குரைக்குது.

— பக்கத்துல கேக்குதே.

— தண்ணி மேல சத்தம் வழுக்கிக்கிட்டு வரும் மச்சான். ஒண்ணரை கிலோமீட்டர்லாம் அதுக்கு ஒரு தூரமே இல்ல.

— நாம படகுல ஏறும்போது குரைச்ச அதே நாய். அதே இருமல்.

— அப்ப கரையோரமா நம்ம கூடவே ஓடி வருது. விசுவாசமான நாய். இந்தா, பேச்சை மாத்தாத. ஏறினதுலேர்ந்து ஒண்ணு கேட்டுட்டிருக்கேன், நீ தக்கையைக் காட்டி ஏமாத்திட்டிருக்க.

— உங்க அக்காகிட்ட நான் பேசணும்ங்கறதுதானே.

— அதேதான். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மருந்துக் கம்பெனி மேனேஜர் வீட்டுக்குப் பதில் சொல்லியாகணும். சரியா, இல்லையா. அக்கா ஒரு வாரமா 'பார்க்கலாம்', 'பார்க்கலாம்'ங்கறா. முப்பத்தாறு வயசுல இன்னும் என்னத்தைப் பார்க்கப் போறா? அம்மா சொல்லியாச்சு, நான் சொல்லியாச்சு. நீ சொன்னா கேப்பா. உன்னைப் பாவம், நல்ல மனுஷன்னு சொல்லிட்டிருப்பா.

— பாவம் முதல்லயா, நல்ல மனுஷன் முதல்லயா?

— என்னடா கேள்வி இது. பாவம்தான் முதல்ல.

— ம். மேனேஜர் எப்படி?

— தங்கமான ஆள். சொந்த வீடு, கார். கண்ணாடி போட்டுக்கிட்டா டாக்டர் மாதிரியே இருப்பார். ஒரே குறை, ஊர் ரெண்டு நாள் பயணம். கல்யாணமானா அக்கா ஸ்கூல் லேப் வேலையை விட்டுட்டு அங்க போயிடணும்.

— ரெண்டு நாள்.

— ரயில்ல ஒரு நாள், பஸ்ஸுல ஒரு நாள். என்ன என்னையே பார்க்கிற? தக்கை முங்குது பார்.

— வந்துடுச்சு. கெண்டைக் குஞ்சு. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்ல.

— கூடையில போடு. ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணு.

— இரு, முள்ளைக் கழட்டணும். சட்டைப் பையில இடுக்கி வெச்சிருக்கேன். அசையாதேம்மா... போயிடுச்சு. தண்ணிக்குள்ள ஒரு வெள்ளிக் கீறல். பார்த்தியா?

— விட்டுட்டியா? ஒரு காலை முழுக்க உழைச்சு ஒரு மீன்.

— இடுக்கி வழுக்கிடுச்சு.

— வாட்ச் ரிப்பேர்க்காரனுக்கு இடுக்கி வழுக்கலாமா?

— கூடாது. அதான் சொல்ல வந்தேன். டேய், இங்க பேசினா யாருக்கும் கேக்காதுல்ல?

— ஒண்ணரை கிலோமீட்டர் மச்சான்.

— சத்தம் வழுக்கிக்கிட்டு வரும்னு சொன்னியே.

— அது கரையிலேர்ந்து இங்க வரும். இங்கேர்ந்து அங்க போகாது.

— உங்க அக்கா வாட்ச் இருக்கே.

— அப்பாவோட பழைய வாட்ச். அவ கையில வளையல் மாதிரி தொங்கும். அதுக்கென்ன?

— ஏழு வருஷமா மாசாமாசம் கடைக்குக் கொண்டு வராங்க. 'அஞ்சு நிமிஷம் ஸ்லோ'ன்னு சொல்லி மேசை மேல வெப்பாங்க. வேற ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நான் லென்ஸைக் கண்ல மாட்டிக்கிட்டு ஒவ்வொரு பல்சக்கரமாப் பார்ப்பேன். அழுக்கில்ல, தேய்மானமில்ல, ஸ்பிரிங் நேத்து வாங்கின மாதிரி இருக்கு. மூணு நாள் வெச்சு ஓட்டிப் பார்ப்பேன், ஒரு நொடி பிசகாது. கொடுத்தனுப்புவேன். அடுத்த மாசம் மறுபடி அதே அஞ்சு நிமிஷம். நாலும் இல்ல, ஆறும் இல்ல.

— பழசு அப்படித்தான் இருக்கும். தூக்கிப் போடச் சொல்லு.

— நாய் நிறுத்திடுச்சு.

— ஓடிக் களைச்சிருக்கும். நீ சொல்லு.

— என் கடை உனக்குத் தெரியும். மாடிப்படிக்கு அடியில, ஒரு ஸ்டூல் அகலம். நாள் முழுக்கத் தலைக்கு மேல செருப்பு ஏறும், இறங்கும். அவங்க செருப்பு மட்டும் ஏறாது. படி முனையில வந்து ஒரு நிமிஷம் நிக்கும், என்னமோ யோசிக்கிற மாதிரி. அப்புறம் வரும். சுவர்ல முப்பது கடிகாரம் முப்பது நேரம் காட்டிட்டிருக்கும். எனக்கு ஒரு நேரமும் தெரியாது. அந்த மூணு நாளும் வாட்சைத் தலையணை பக்கத்துல வெச்சுத்தான் தூங்குவேன். பரிசோதனைக்கு.

— பரிசோதனைக்கு.

— ஆமா.

— மச்சான், நீ எங்க அக்காவை...

— ஆமா.

— எப்பலேர்ந்து?

— அஞ்சாங்கிளாஸ். அவங்க கிளாஸ்லதானே இருந்தேன். ரெண்டு தடவை ஃபெயிலாகி உன் கிளாஸுக்கு வந்து சேர்ந்தேன்.

— வந்ததும் நேரா என் பக்கத்துல உட்கார்ந்தியே. ஏதோ என் முகராசின்னு நினைச்சேன்.

— உன் டிபன் டப்பா மூடியில அவங்க கையெழுத்து இருந்துச்சு.

— அடப்பாவி. இருபத்தஞ்சு வருஷமா உன்னை மச்சான் மச்சான்னு கூப்பிட்டுட்டிருக்கேனே.

— ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள ஒரு நன்றி சொல்லிக்குவேன்.

— ஏன்டா வாயைத் திறக்கல? நான் என்ன உன்னைக் கடிச்சா வெச்சிருப்பேன்?

— என்னன்னு திறக்கறது? ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தையே சரியா ஓட வெச்சவன் நான். என் கைக்கு மசியாத ஒரே வாட்ச் அவங்களுது. அஞ்சு நிமிஷத்தைச் சரிபண்ணத் தெரியாதவன், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆயுசு முழுக்கக் கொடுங்கன்னு கேப்பான்? முதல்ல அதைச் சரிபண்ணிட்டு அப்புறம் கேக்கலாம்னு இருந்தேன். ஏழு வருஷம் போயிடுச்சு. அந்த வாட்ச் கணக்குல அஞ்சு நிமிஷம் கம்மி.

— சரி, உட்காரு ஒழுங்கா. நேராக் கரைக்குப் போறோம், ஆறு மணிக்குள்ள அவகிட்ட நீயே சொல்ற. மணி என்ன இப்ப?

— நான் வாட்ச் கட்டறதில்ல.

— விளங்கிடும்.

— மெதுவாவே போ. கரை தெரிஞ்சா என் வாய் மூடிக்கும். இந்த வெள்ளைக்குள்ளதான் திறக்குது. தண்ணி படகைத் தட்டறது கேக்குதா? சரியா நொடிக்கு ஒண்ணு. எவ்வளவு ஒழுங்கா ஓடுது பார்.

— கவிதையெல்லாம் அப்புறம். ஃபிளாஸ்க்கை எடு, ஒரு வாய் டீ குடிச்சுட்டு வலிக்கிறேன். அக்கா ஏத்தி விடும்போது கொடுத்தாளே.

— நீ வாங்கினேன்னு நினைச்சேன்.

— நீ வாங்கினேன்னு நான் நினைச்சேன்.

— ஃபிளாஸ்க் என்கிட்ட இருக்கு.

— யாரு அது?

— பனி விலகினா சைக்கிள்ல கிளம்பலாம்னு ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன், நீ வேற யாருங்கற.

— அக்கா? நடு ஏரிக்கு நீ எப்படி வந்த?

— நடு ஏரியாம். கயிறு இன்னும் முளைக்குச்சியிலயே கட்டியிருக்கு, சர்வேயர் சார். மிஞ்சிப் போனா இருபதடி.

— மச்சான், நீ அவிழ்க்கலையா?

— நீ அவிழ்த்தேன்னு நினைச்சேன்.

— அக்கா, இவ்வளவு நேரம் ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?

— முதல்ல சிரிப்பு வந்துச்சு, வாயைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் வாட்ச் பேச்சு வந்துச்சு. நாய்க்கு ஒரு பிஸ்கட்டைப் போட்டுட்டு, நானும் கம்முன்னு உட்கார்ந்துட்டேன்.

— மச்சான், எதுக்கு எழுந்திரிக்கிற? படகு ஆடுது.

— தண்ணியில குதிச்சுடலாம்னு.

— குதிக்கட்டும்டா, விடு. ரெண்டு முழம் ஆழம்னு அவரே அளந்து சொன்னாரே. இடுப்புக்கு மேல நனையாது.

— இல்லைங்க. நான் வந்து... இந்த மாசம் எப்படியும் அதைச் சரிபண்ணிடறேன். அதுவரைக்கும் மேனேஜர் வீட்டுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியுமா? ஒரே ஒரு மாசம் கொடுங்க.

— அதுல சரிபண்ண ஒண்ணுமில்ல. ஏழு வருஷமா மாசாமாசம் உங்க படி முனையில நின்னு, முள்ளை அஞ்சு நிமிஷம் பின்னால தள்ளி வைக்கிறது நான்தான்.