மாரித்துக்கு அடுக்கிய விறகு

ஐயா, நல்ல விறகைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பிர்ச் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம். எங்கள் நோர்வேப் பள்ளத்தாக்கில் விறகு அடுக்கியிருக்கும் லட்சணத்தை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார்கள். என் அடுக்கை யாரும் குறை சொன்னதில்லை.

என் தம்பி திரிக்வே செத்ததும், நாங்கள் பிறந்த வீடு அவன் மனைவி மாரித்துக்குப் போயிற்று. ஓஸ்லோ நகரத்தில் மின்சார ஹீட்டரோடு வளர்ந்தவள். மூட்டை கட்டிவிடுவாள், வீடும் நிலமும் என் கைக்கு வரும் என்று காத்திருந்தேன்.

"இங்கேயேதான் இருக்கப்போறேன், ஓஸ்முண்ட். அடுப்பு மூட்ட மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன்.

பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டில் நான் எரிப்பது வேறு மாதிரி. இரண்டு கோடை காய்ந்த பிர்ச். மேலிருந்து பற்றவைத்து, காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட்டுத் திகுதிகுவென்று எரிய விடுவேன். புகைபோக்கியில் ஒன்றும் ஒட்டாது. அவளுக்கோ, புதிதாக வெட்டிய, ஈரம் காயாத ஸ்ப்ரூஸ் மரக்கட்டைகளைக் கொண்டுபோய் அடுக்கினேன். முகப்பில் மட்டும் காய்ந்த பிர்ச். ஊரே என்னை மெச்சியது.

"படுக்கறதுக்கு முன்னாடி அடுப்பு நிறையக் கட்டையை அடைச்சு, காத்தை மூடிடு. விடியிற வரைக்கும் கணகணன்னு இருக்கும்" என்றேன்.

அப்படி மூடி ஈர விறகைப் புகைய விட்டால் புகைபோக்கி முழுக்கத் தார் படியும். படிந்த தார் ஒருநாள் தீப்பிடிக்கும். இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அடுப்புக் கதவுக் கண்ணாடி கரேல்னு ஆயிடுதே, சரிதானா?"

"பழைய அடுப்பு அப்படித்தான், மாரித். தொடச்சுக்கோ."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் புகைபோக்கி துடைக்கும் எய்னார் வந்தான். அவள் கடைக்குப் போயிருந்தாள். "தம்பி வீட்டுல அடுப்பு எரியுதா?" என்றான். "அங்க கரண்டுதான். நீ காபி குடிச்சிட்டுக் கிளம்பு" என்றேன்.

போன வாரம் ஒரு காலையில் அவள் காற்றைத் திறந்து கொழுந்துவிட வைத்துவிட்டு, உடை மாற்ற மாடிக்குப் போயிருக்கிறாள். உள்ளே தார் பற்றிக்கொண்டு புகைபோக்கி ரயில் போல இரைந்தது. மாடிக்குப் போகும் மரப்படியும் எரியத் தொடங்கியது. வீடு போனால் போகட்டும், நிலம் எங்கும் போகாது என்று நினைத்தேன்.

"ஓஸ்முண்ட், ஏணியக் கொண்டாங்க" என்று மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். காதில் விழாமல் இல்லை. ஏணி என் கொட்டகையில்தான் இருந்தது. தீப்பொறி பறந்ததால் என் பிர்ச்சை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவது நின்றது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் ஐயா, இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள்கூட அவளை நான் குளிரில் விட்டதில்லை.