இறக்கையில் என் நம்பர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், அசோகன் சார். தண்ணீர் வராது என்ற அறிவிப்பு முதல் சர்ச் அசன விருந்துப் பட்டியல் வரை இந்தத் திருவொற்றியூர்க் குடியிருப்பில் எல்லாம் நான் எழுதியதுதான். நீங்கள் சங்கத் தலைவர், விசாரிக்க வேண்டியது உங்கள் கடமை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கை வலித்தால் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

எதிர்வீட்டு அருள்நாதன் அண்ணாச்சி துறைமுகப் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு தட்டியவர். பாதிக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மனைவி தவறிய பிறகு பால்சா என்ற லேசான கட்டையில் விமானம் செய்ய ஆரம்பித்தார். எண்பது வருஷத்துப் பழைய வரைபடத்தை விரித்து, தீக்குச்சி கனத்துக்குக் கட்டையைச் சீவி ஒட்டி, மேலே டிஷ்யூ தாள் போர்த்துவார். இன்ஜின் கிடையாது. வயிற்றுக்குள் ரப்பர் நாடா. அதற்கு விளக்கெண்ணெய் தடவி, கை டிரில்லால் எண்ணூறு சுற்று முறுக்கி விட்டால் விசிறி சுழன்று வானத்துக்குப் போகும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் ஜன்னலும் என் ஜன்னலும் நேருக்கு நேர்.

காற்றில் தொலைந்தால் கண்டெடுத்தவர் கூப்பிட வேண்டுமே என்று இறக்கையில் பெயரும் நம்பரும் எழுதுவது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம். அண்ணாச்சி எழுத்து கோழி கிண்டியது மாதிரி. போன் அடித்தாலும் காதில் விழாது. "கனி, உன் நம்பரையே போட்டுடு. எனக்கு நீ சொன்னாப் போதும்" என்றார். போட்டேன்.

ஞாயிறு காலையில் எண்ணூர்த் திடலில் விடுவார். ஒரு ஞாயிறு எனக்குப் போன் வந்தது.

"யம்மா, உங்க வூட்டு ஏரோப்ளேனு எங்க கொட்டா மேல குந்தினுகீது. வந்து தூக்கினு போங்க."

நெட்டுக்குப்பத்து மதி. கருவாடு போடுகிறவள், புருஷன் இல்லை. உடனே அண்ணாச்சியிடம் சொன்னேன். போனவர் மாலை நாலு மணிக்கு வந்தார். ஒரு கையில் விமானம், மறு கையில் தூக்குச் சட்டி நிறைய இறால் தொக்கு. சட்டியைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வாரம் போனார். அது நிறைந்தே வந்தது. அதற்கடுத்த வாரமும் விமானம் அதே கொட்டகை மேல் இறங்கியது. காற்றுக்கு வாராவாரம் ஒரே ஆசையா, சார்?

எனக்கென்ன வந்தது. தெருவில் நாலு பேரிடம் வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். முன்பெல்லாம் ரப்பர் அறுந்தாலும் பசை காயாவிட்டாலும் என்னிடம் சொல்வார். இறால் தொக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாசனையை வைத்து நானாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

போன மாதம் பெரிய விமானம் முடிந்தது. எட்டு மாத வேலை. பெங்களூரில் பழைய மாதிரி விமானங்களுக்கு நடக்கும் போட்டிக்காகச் செய்தது. சோதித்துப் பார்க்க விட்டார், மேலே ஏறியது இறங்கவே இல்லை. காலையும் மாலையும் என் வாசலில் வந்து நின்றார். "கனி, போன் வந்துச்சா?"

ஐந்தாம் நாள் வந்தது.

"நான் மதி பேசறேன். பெரிய ப்ளேனு, ஆத்தாண்ட செடில மாட்டினு இருந்துச்சு. ஒட்டுகூட வுடல. நைனாவ வரச் சொல்லு, வஞ்சிரம் வச்சிகீறேன்."

அவர் இறந்துவிட்டார் என்றேன். மாரடைப்பு என்றும் சொன்னேன். நெஞ்சு சம்பந்தப்பட்ட விஷயம்தானே, முழுப் பொய்யில்லை.

"ஒரு மாலகூட போடலியேம்மா" என்றாள். சொந்த ஊரில் அடக்கம் முடிந்தது என்றேன். "அப்ப இந்த ப்ளேனு?" என்றாள். உன் மனசில் பட்டதைச் செய் என்றேன். இதைக் கவனமாக எழுதுங்கள்: கடலில் விடு என்று நான் சொல்லவே இல்லை.

செத்தவர் ஆசையாகப் புழங்கிய பொருள் அவரோடு போய்விட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். தம்பி வரதனின் படகில் ஏற்றி, சாமந்தி மாலை சுற்றி, கற்பூரம் காட்டி, எட்டு மாத வேலையை அலையில் இறக்கிவிட்டாள்.

நெட்டுக்குப்பத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று அண்ணாச்சி கிளம்பினார். நானே கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லையாம், மதியும் பழவேற்காட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம் என்றேன். சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்த மூன்று வாரம் தினமும் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். அவர் நன்றாகத்தான் இருந்தார், சார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

என் தப்பு ஒன்றே ஒன்று. அந்தத் தூக்குச் சட்டியை மறந்துவிட்டேன். வெறும் சட்டியாகத் திருப்பக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டு, மதியின் பக்கத்து வீட்டிலாவது கொடுத்து வரலாம் என்று போயிருக்கிறார்.

அவரைப் பார்த்ததும் மதி கருவாட்டுக் கூடையைக் கீழே போட்டாளாம். "யோவ் நைனா, உனுக்காகப் பதினாறு நாளு கவுச்சி துன்னாம கெடந்தேன்யா." குப்பமே சிரித்ததாம். அவர் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

திரும்பி வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "கனி, ப்ளேன் ஒட்டு விடாமத்தான் இருந்துச்சா?" ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அந்த ஜன்னலில் திரை.

நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. புது விமானம் மொட்டை மாடியில் காய்கிறது. இறக்கையில் மதியின் நம்பர், அவரே எழுதியிருக்கிறார். கதவுக் கம்பி வழியாகப் பார்த்தேன், ஏழெல்லாம் ஒன்று மாதிரி இருக்கிறது. கண்டெடுத்தவன் தப்பாகக் கூப்பிட்டால் பாவம், அண்ணாச்சிதானே தவித்துப்போவார். மாடிச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது, சார். ஐந்து நிமிஷம் கொடுங்கள். பேனா கொண்டுவந்திருக்கிறேன்.