டைரக்டர் பியோ கிரிட்டிகல்

ஹலோ... ஹலோ, யேவொன்னா? நான்தாம்மா, டைரக்டர் பியோ... ஆமா, ஆமா, தேனிலவுக்கு ஜேஜூ தீவுக்குப் போயிருக்கே, தெரியும்... மாப்பிள்ளை பக்கத்துலயா? மன்னிச்சுக்கச் சொல்லு... இல்லம்மா, ஆபீஸ் தீப்பிடிக்கல. அதவிட மோசம். பழக்கூடை வந்திருக்கு.

பழக்கூடை! பேரிக்காய், ஆப்பிள், மேல ரிப்பன்... நோயாளியப் பார்க்கப் போனா கொண்டுபோவோமே, அதே மாதிரி. என் பேருக்கு! டென்மார்க்ல நம்ம கம்பெனி வால்வு வாங்கற கிர்ஸ்டன் அம்மா, இங்க நம்ம சாங்வொன் ஊர்க் கடையிலயே சொல்லி அனுப்பிச்சிருக்காங்க... எனக்கா? எனக்கென்ன? குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். காலைல ரெண்டு கிண்ணம் எலும்பு சூப் குடிச்சேன்.

என்ன மெயிலா? நீ லீவுல போறதுக்கு முன்னால அந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்துட்டுப் போனதத்தான் அனுப்பிச்சேன்... ஆமா, அப்படியேதான்... அப்படியேன்னா... ஒரே ஒரு வார்த்தை மாத்தினேன்.

பின்னே? அந்தம்மா என்னைத் தாண்டி, நம்ம ஆபீஸ்லயே இருக்கற என் மச்சான் வூஜின்கிட்ட நேரா பேரம் பேசப் பார்க்கறாங்க. அதத் தடுக்கத்தானே மெயிலே? நீ என்னடான்னா, 'டைரக்டர் பியோ இம்பார்ட்டன்ட்'னு எழுதி வெச்சிருக்கே. கேட்ல நிக்கற செக்யூரிட்டிகூடத்தான் இம்பார்ட்டன்ட்!... இரு, இரு, சொல்ல விடு. அகராதியப் பிரிச்சேன். எசென்ஷியல்... அது என் பொண்டாட்டி தலைக்குத் தேய்க்கற எண்ணெய் பாட்டில்ல இருக்கு. வைட்டல்னா சத்து மாத்திரை மாதிரி இருக்கு. குரூஷியல், வாயில வழுக்குது. பேரமவுண்ட்... அதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. கடைசியா ஒண்ணு கிடைச்சுது பாரு, சொல்லும்போதே மேஜையத் தட்டின மாதிரி...

கிரிட்டிகல்.

ஹலோ?... ஹலோ, லைன்ல இருக்கியா?... வாக்கியம் முழுசாவா? 'டைரக்டர் பியோ ஈஸ் கிரிட்டிகல். சீக்கிரம் பதில் போடவும்.' அவ்வளவுதான். நீ எழுதின மீதியெல்லாம் வெட்டிட்டேன். சுருக்கமாச் சொன்னாதானே கெத்து?

ஏன் சிரிக்கறே?... மாப்பிள்ளையும் சிரிக்கறாரா?... என்னது?... உயிருக்குப் போராடிட்டு இருக்காரா? யாரு?... நானா!

ஐயையோ... இல்ல, உட்கார்ந்துட்டேன். சரி, சரி. பதில் ஒண்ணு வந்திருக்கு, எனக்குப் பாதி புரியல. உனக்கும் அனுப்பிச்சிருக்கேன், போன்ல பாரு... ம்... படி.

ம்... துடிச்சுப் போயிட்டாங்களா? பாவம்... ம்... முதல் தடவை கொரியா வந்தப்போ மழையில என் கோட்டக் கழட்டிக் கொடுத்தேனா? அதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்காங்களா?... நான் சொன்ன தேதில ஒரு தடவைகூட சரக்கு தப்பினதில்லையாம்... ஆமா, அது உண்மைதான்... மெதுவாப் படிம்மா... இல்ல, சளி. தொண்டையில சளி.

அது என்ன வார்த்தை? இன்னொரு தடவை சொல்லு... ஈடு செய்யவே முடியாதவர்னு அர்த்தமா? நானா? ஏம்மா, இவ்வளவு நல்ல வார்த்தை இருக்கறப்போ நீ ஏன் எனக்கு இம்பார்ட்டன்ட் போட்டே?

சரி, அடுத்த வரி... ம்... ம்?... மறுபடி படி... இனிமே எனக்குப் பதிலா வூஜின்கிட்டயே எல்லாம் பேசிக்கறாங்களா!

அடிப்பாவி மகளே! மேல் வரியில ஈடே இல்லங்கறா, கீழ் வரியில ஆளே போட்டுட்டா!... வூஜினுக்கு இது தெரியுமாவா? அதான் காலைல என் ரூம்ல வந்து நின்னு ஜன்னல் திரைய அளந்துட்டு இருந்தானா... வாஸ்தவம்மா, நானே போட்டுக்கிட்ட சூடுதான். யாரைத் திட்டறது?

இன்னும் இருக்கா? படி... என்னைக் கடைசியா ஒரு தடவை பார்க்க வராங்களா?... இன்னிக்கேவா? ஏற்கெனவே சியோல் வந்து இறங்கிட்டாங்களா? அங்கிருந்து ரயில்ல... சாயங்காலமா?

வேண்டாம், வேண்டாம். நீ திருத்தம் ஒண்ணும் எழுதாதே. இன்னொரு மெயில் போனா என்னைப் பொதைச்சே முடிச்சிருவாங்க. நானே ஸ்டேஷனுக்குப் போறேன்... என்ன பேசறதாவது? ஒண்ணும் பேசப் போறதில்ல. குனிஞ்சு கும்பிட்டுட்டு, அந்தம்மா பெட்டிய வாங்கித் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, படியில முன்னால ஏறி நடப்பேன். அதுக்கு மேல எந்த அகராதி வேணும்?

சரிம்மா, வெச்சுடறேன். நீ கடலப் பாரு... என்னது, இடுப்பா? ஆமா, இடுப்பு வலி இருக்கு. அத இங்கிலீஷ்ல எவன்கிட்டயும் சொல்லிடாதே.