ட்ராமில் வந்த பிரதமர்

எழுபதுகளில் மெல்பர்ன் ட்ராமில் தமிழ் கேட்பது அபூர்வம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத் தம்பதி, யாருக்கும் புரியாது என்ற துணிச்சலில் உரக்கவே பேசினார்கள். நானும் புரியாதவன்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் இறங்கமாட்டன். போன கிழமை சிரிச்ச அதே மூண்டு பேரும்தான் இண்டைக்கும் இருப்பாங்கள்."

"சிரிக்காமல் என்னப்பா செய்வாங்கள்? இன்டர்வியூவில ஏன் இந்த கிளார்க் வேலை வேணும் எண்டு கேட்டால், விக்டோரியா ராணியின்ர பிரதமர் பேசின பேச்சை எழும்பி நிண்டு ஒப்பிச்சிருக்கிறீங்கள்."

"பள்ளிக்கூடத்தில அதுக்குத்தானே எனக்குக் கோப்பை தந்தவை! அந்தாளின்ர இங்கிலீஷ் ஆருக்கு வரும்?"

"அந்தாள் முதல்முதல் பேசேக்கை என்ன நடந்தது? கலியாணம் கட்டின நாள் தொட்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

கணவர் தயங்கினார். "கூச்சல் போட்டுச் சிரிச்சவை. பேசவே விடேல்லை."

"எத்தினை பேர்?"

"கிட்டத்தட்ட முழுப் பார்லிமென்டும்."

"உங்களைப் பார்த்து மூண்டு பேர்தானே? அவங்களும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாங்கள்."

அந்தப் பிரதமரைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். அவரால் இப்படியொரு உபயோகம் உண்டென்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. தமிழ் தெரியாதவன் எப்படிக் கும்பிடுவது?

அவள் மணிக்கயிற்றை இழுத்தாள். அவர் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அப்ப இண்டைக்கு எந்தப் பேச்சைச் சொல்ல?"

"உங்கட பேச்சைச் சொல்லுங்கோ. அதை அவங்கள் இன்னும் கேக்கேல்லை."