அறுபத்தாறு டிகிரி

போர்க்னி: குழாயைப் பிடி! அடியே, குழாயைப் பிடி! போச்சு... ரெண்டு காலுறையும் நனைஞ்சு போச்சு.

இங்குன்: கிளிப் கழண்டுடுச்சு அத்தை. ஓடைத் தண்ணி ரொம்ப வேகமா வருது.

போர்க்னி: ஓடை எப்பவும் போலத்தான் வருது. நீதான் கிளிப்பைப் பாதி திருகிட்டு விட்டுட்டே. கெமிஸ்ட்ரி டீச்சராம்!

இங்குன்: கெமிஸ்ட்ரியில கிளிப் மாட்ட யாரு சொல்லித் தர்றாங்க?

போர்க்னி: வாயாடாம மாட்டு. ம்... இப்போ செம்புச் சுருள்ல தண்ணி ஓடுதா?

இங்குன்: ஓடுது. அந்தப் பக்கம் சூடா வெளிய வருது.

போர்க்னி: அப்போ தொட்டியைக் கலக்கு. அடிவரைக்கும் கலக்கணும். பீருக்குக் காய்ச்சின பார்லிச் சாறு நூத்தம்பது லிட்டர், தானா ஆறிடாது. கிறிஸ்துமஸுக்கு மொத்தக் குடும்பமும் இதைத்தான் குடிக்கணும்.

இங்குன்: தெரியும் அத்தை... அதை ஞாபகப்படுத்தாதீங்க.

போர்க்னி: என்ன பயம்? உன் மாமனார் தன் ஈஸ்ட்டை யார் கையிலயும் குடுக்க மாட்டார். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகலை, உன் கையில குடுத்திருக்கார். பெத்த மகன் ஆர்னேவுக்கே இன்னும் குடுக்கலை.

இங்குன்: அதான் பயமே.

போர்க்னி: பீப்பாய் எடுக்கப் போயிருக்கார், இப்போ வந்துடுவார். நீ ஈஸ்ட்டை ஊத்தி, தொட்டிக்குள்ள தலையை விட்டுக் கத்தணும், அப்பத்தான் ஈஸ்ட் முழிக்கும்னு நம்ம ஊர்ப் பழக்கம். கத்திப் பழகினியா?

இங்குன்: குளியலறையில... ஆர்னே ஓடி வந்து கதவைத் தட்டினார்.

போர்க்னி: ஹா! அவ்வளவு சத்தம் போதும். எத்தனை டிகிரி இப்போ?

இங்குன்: நாப்பத்தொண்ணு... நாப்பது.

போர்க்னி: சரியா வந்துடுச்சு. அந்த ஈஸ்ட் வாளியை இப்படி எடு.

இங்குன்: இன்னும் கொஞ்சம் ஆறட்டுமே அத்தை.

போர்க்னி: எதுக்கு? நாப்பதுதான் சரியான சூடு. எடு.

இங்குன்: அது... இன்னும் தூங்குது.

போர்க்னி: தூங்குதா? எழுப்பத்தானே ஒரு வாளி சாறுல காலையிலேயே போட்டே. இந்நேரம் நுரை வாளியைத் தாண்டி வழியணுமே.

இங்குன்: மூடி போட்டிருக்கே அத்தை, அதான் தெரியலை.

போர்க்னி: இங்குன்.

இங்குன்: ம்...

போர்க்னி: மூடியைத் திற.

இங்குன்: அத்தை, நான்... தெர்மாமீட்டர் முப்பத்தேழு காட்டுச்சு. சத்தியமா முப்பத்தேழு!

போர்க்னி: எங்க வச்சுப் பார்த்தே?

இங்குன்: சுருளுக்குப் பக்கத்துல.

போர்க்னி: கலக்காமயா?

இங்குன்: கலக்காம. வாளிக்குச் சாறை மொண்டது தொட்டியோட அந்தக் கோடியில. ஈஸ்ட்டைக் கொட்டின பிறகுதான் வாளியில வச்சுப் பார்த்தேன்... அறுபத்தாறு.

போர்க்னி: அறுபத்தாறு...

இங்குன்: இருந்த மொத்தத்தையும் கொன்னுட்டேன் அத்தை. ஒவ்வொரு பீர்லேர்ந்தும் கொஞ்சம் எடுத்துக் காயவச்சு, இருநூறு வருஷமா காப்பாத்தின ஈஸ்ட். வேற வீட்டு ஈஸ்ட் இந்த வாசலைத் தாண்டினதில்லைன்னு மாமா ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியுறார். இனி அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ...நீங்க என்ன, சிரிக்கிறீங்க?

போர்க்னி: சிரிக்கலை... இரு... மூச்சு வாங்குது.

இங்குன்: அத்தை!

போர்க்னி: நான் கொட்டினப்போ எழுபது டிகிரியாவது இருந்திருக்கும்.

இங்குன்: என்ன?

போர்க்னி: முப்பத்தொரு வருஷம் ஆச்சு. நானும் அப்போ புது மருமக. தெர்மாமீட்டரும் கிடையாது, முழங்கையை விட்டுப் பார்க்கணும். எனக்கோ அடுப்படியில வெந்த கை, சூடே தெரியலை.

இங்குன்: அப்புறம்?

போர்க்னி: ஏப்ரனுக்குள்ள ஒரு ஜாடியை மறைச்சுகிட்டு பக்கத்துப் பண்ணை ஹல்வார்கிட்ட ஓடினேன். தன் ஈஸ்ட்லேர்ந்து கொஞ்சம் குடுத்தான். யார்கிட்டயும் மூச்சு விடலை, பாவம்.

இங்குன்: ஹல்வாரா? அவர் பீர் கழுநீர் மாதிரி இருக்கும்னு மாமா வருஷா வருஷம் சொல்வாரே!

போர்க்னி: அந்தக் கழுநீர் ஈஸ்ட்டைத்தான் உன் மாமனார் முப்பத்தொரு வருஷமா ஃப்ரீசர்ல பூட்டி வச்சிருந்தார்.

இங்குன்: அப்போ நான் கொன்னது...

போர்க்னி: ஹல்வார் வீட்டு ஈஸ்ட். துடை கண்ணை. அந்தக் கொக்கியில ஏப்ரன் இருக்கு, மாட்டு. ஜாடியை நான் தர்றேன். பின்பக்கமா போ, அவர் வர்றதுக்குள்ள...

ஷூர்: எங்க போறா?

இங்குன்: மாமா!

போர்க்னி: ஐயோ... பூனை மாதிரி வந்து நிக்கிறதைப் பாரு! பீப்பாய் எங்க?

ஷூர்: பீப்பாய் எடுக்க யாரு போனா? காலையில வாளி மூடியைத் தூக்கினேன், மீசை வெந்து போச்சு. நேரா ஹல்வார் வீட்டுக்குப் போனேன். இந்தா பிடி, ஜாடி. இதைக் கொஞ்சம் ஆறின சாறுல எழுப்பு. இந்தத் தடவை கலக்கிட்டு அளந்து பாரும்மா.

இங்குன்: மாமா... திட்ட மாட்டீங்களா?

ஷூர்: தாராளமா திட்டுவேன், பீர் புளிச்சா.

போர்க்னி: நீங்க போய் ஹல்வார்கிட்ட கையேந்தினீங்களா? அவன் ஈஸ்ட்டை...

ஷூர்: அவன் ஈஸ்ட் இல்லை. நம்மது.

போர்க்னி: இல்லைங்க... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...

ஷூர்: கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் வந்தேன். நீ அன்னைக்கு ஈஸ்ட்டை வேகவச்சதும் எனக்குத் தெரியும், ஜாடியோட ரோட்டு வழியா ஹல்வார் வீட்டுக்குப் போனதையும் பார்த்தேன். நான் வயல் வழியா ஓடி, உனக்கு முன்னாடி அங்க போயிட்டேன். நான் தனியா காயவச்சிருந்த மிச்ச ஈஸ்ட்டை ஹல்வார் கையில திணிச்சு, அவ வந்து கேட்டா உன்னோடதுன்னு சொல்லிக் குடு, எதுவும் கேட்காதேன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து ஒரு பங்கு அவன் வீட்டிலயும் இருக்கு.

போர்க்னி: முப்பத்தொரு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?

ஷூர்: நீ முதல்ல சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன்.